சைதாப்பேட்டையில் ரயிலேறியவர்

தேச சேவையில் இறங்கினோர் பலரையும் ஒரு நாள் எதிர்ப்படும் கேள்வியொன்று உண்டு. குற்றச்சாட்டு எழுந்துவிட்டது, விசாரணை இன்னும் முடியவில்லை. அவ்விடைக்காலத்தில் ஒருவன் எவ்வாறு ஒழுக வேண்டும்? மார்தட்டி நின்று கைவிலங்கை ஏற்பதா, வாய் பொத்தி அடங்கியிருப்பதா, எல்லை கடந்து சென்றுவிடுவதா? மேடையில் நின்று இதற்கு விடை கூறுதல் எளிது. ஸ்ரீ சுப்பிரமணிய பாரதியாரோ தமது ஆயுளிற் பத்து வருஷங்களை இக்கேள்வியினுள்ளேயே கழித்தார். அவரைக் கவியென்று கொண்டாடும் நாம் அந்தப் பத்து வருஷங்களை விரைவாகத் தாண்டிப் போய்விடுகின்றோம்.

எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்த அவர் 1904-இல் சென்னைக்கு வந்து சுதேசமித்திரனில் அமர்ந்ததும், 1906 முதல் இந்தியா என்னும் வாரப் பத்திரிகையை நடத்தியதும் யாவரும் அறிந்தவை. 1908-ஆம் வருஷம் ஜூலை மாதம் திருநெல்வேலியில் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு ஆயுள் தண்டனையும், ஸ்ரீ சுப்பிரமணிய சிவாவுக்குப் பத்து வருஷமும் விதிக்கப்பட்டன. அப்பீலிற் பிள்ளையவர்களின் தண்டனை குறைக்கப்பட்டதாயினும், அந்தத் தீர்ப்பு பிறந்த வேளையில் சென்னைத் தேசபக்தர்களின் நெஞ்சில் விழுந்த இடி சிறிதன்று. அடுத்து ஆகஸ்டு மாதத்தில் போலீஸாரின் கை இந்தியா பத்திரிகையின்மீது விழுந்தது.

இங்கே ஒரு சட்ட நுணுக்கத்தைக் கவனித்தல் வேண்டும். இந்தியாவின் உயிரும் குரலும் பாரதியாரே. எனினும் ஸர்க்கார் பதிவேட்டில் பொறுப்பாளராகப் பெயர் கொடுத்திருந்தவர் ஸ்ரீ எம். ஸ்ரீநிவாஸன். பத்திரிகையில் வெளிவந்த எழுத்துக்காக அவரே கைதியானார். அடுத்த முறை பாரதியாருடையது என்பதில் நண்பர்களுக்கு ஐயமில்லை. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தமையால் பிரிட்டிஷ் வாரண்டு அங்கே செல்லாது. ஆகவே அங்குச் செல்லும்படி அவர்கள் வற்புறுத்தினார்கள். எழும்பூரில் புதிய ரயில் நிலையம் திறக்கப்பட்டு அப்போது மூன்று மாதமும் நிரம்பவில்லை. அங்கே ஏறினால் ஒற்றர் கண்ணிற் படுவது திண்ணம். ஆதலால் நகருக்கு வெளியே, அந்நாளில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த சைதாப்பேட்டையில் அவர் வண்டியேறினார் என்று அவர் வரலாறு கூறுவோர் சொல்லுவர். அவருக்கு அப்போது இருபத்தாறு வயதும் நிறையவில்லை.

அவர் சென்ற பிறகு, அந்த வருஷத்திலேயே ஸ்ரீநிவாஸனுக்கு ஐந்து வருஷத் தண்டனை கிடைத்தது. எழுதியவர் கடற்கரையூரில் இருக்க, பெயர் கொடுத்தவர் சிறையிலிருந்தார். இதனைப் பூசி மெழுகுதல் நமக்கு உடன்பாடன்று. பாரதியார் நின்று பிடிபட்டிருப்பின் ஸ்ரீநிவாஸன் விடுதலை பெற்றிருப்பார் என்று கூறுதற்கும் இடமில்லை. சட்டம் இருவரையும் விழுங்கியிருக்கும் என்பதே நம் கருத்து. ஆயினும் கடன் கடனே. அதனைத் தீர்க்கும் வழி ஒன்றே இருந்தது. தப்பிய பேனா ஓயாதிருத்தல். அக்டோபரிலேயே இந்தியா புதுச்சேரியிலிருந்து வெளிவரத் தொடங்கியது. பிரிட்டிஷ் எல்லைக்குள் அதனைப் புகவொட்டாமல் ஸர்க்கார் தடுத்த பின், 1910 மார்ச்சு மாதத்தில் நின்றுபோயிற்று.

புதுச்சேரியில் வாழ்க்கை சுகவாசமாயிருக்கவில்லை. பிரிட்டிஷ் ரகசியப் போலீஸார் அங்கேயே வீடெடுத்துத் தங்கி, வருவோர் போவோரைக் குறித்துக்கொண்டிருந்தார்கள். பாரதியாருக்கு வந்த கடிதங்களும் மணியார்டர்களும் அவர் கைக்குச் சேர்வது அரிதாயிற்று. 1910-இல் ஸ்ரீ அரவிந்தரும், லண்டனிலிருந்து மாறுவேடத்தில் தப்பிய ஸ்ரீ வ. வே. சு. ஐயரும் வந்து சேர, கண்காணிப்பு மேலும் இறுகியது. 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட பின்னரோ கேட்க வேண்டியதில்லை. பாரதியாரின் கனவு, ஆறில் ஒரு பங்கு என்னும் நூல்கள் பறிமுதலாயின. அயலார் புதுச்சேரியில் வாழ்வதற்குக் கௌரவ மாஜிஸ்திரேட்டுகளின் நற்சாட்சி வேண்டும் என்று புதுச் சட்டம் பிறந்தது. கலவை சங்கரச் செட்டியார் போன்ற உள்ளூர்ப் பெரியோர் முன்னின்றிராவிடில் அந்நாளிலேயே அவர்கள் எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டிருப்பர்.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்று நமது இளைஞர் சிந்தனைக்குரியது. ஐயர் வீட்டுக் கிணற்றில் ஒரு ஜாடி அகப்பட்டது. உள்ளே ராஜத் துவேஷமான பிரசுரங்கள். ஒற்றரின் வேலையென்பது வெளிப்படை. ஒளித்து வைத்தாலும் ஆபத்து; எரித்துவிட்டாலும், எரித்ததே சாட்சியமாகிவிடும். அவர்கள் ஜாடியைத் தாங்களே பிரெஞ்சுப் போலீஸாரிடம் ஒப்பித்தார்கள். அதன்பின் நடந்த சோதனையிற் குற்றத்துக்குரிய பொருள் ஏதும் கிட்டவில்லை. அடக்கம் என்பதைச் சிலர் பதுங்கல் என்று எண்ணுகின்றனர். அந்த ஜாடியைப் பதுக்கியிருந்தால் அவர்கள் கதை அன்றே முடிந்திருக்கும். மறைக்க வேண்டியது நண்பர் பெயர்களை. மறைக்கலாகாதது தம்மேல் வைக்கப்பட்ட பொய்யை. ஹிந்து பத்திரிகைக்குப் பாரதியார் வெளிப்படையாக எழுதிய கடிதங்களும் இவ்வகையினவே.

இயல்பில் அவர் அடக்கமுடையவர் அல்லர். மனத்திற் பட்டதை உரக்கச் சொல்லிவிடும் சுபாவம். அத்தகையவர் அரசியற் பத்திரிகையின் வாயில்கள் அடைபட்ட பின் 1912-ஐ ஒட்டிய காலத்தில் பாஞ்சாலி சபதமும், கண்ணன் பாட்டும், குயிற் பாட்டும் செய்தார். ஒரு வாரண்டின் நிழலில் தமிழுக்கு இத்தனை வந்து சேர்ந்தது.

ஆனால் காத்திருத்தலுக்கும் ஓர் எல்லை உண்டு. வறுமையும் நாடுகடந்த வாழ்வும் அவரை அரித்தன. யுத்தம் முடிந்ததும், 1918 நவம்பர் 20-ஆம் தேதி எல்லையைக் கடந்தார், கடலூரருகே கைதானார். மூன்று வாரங்களுக்கு மேல் கடலூர்ச் சிறையில் இருந்தபின், ஸ்ரீமதி அன்னி பெஸண்ட், ஸ்ரீ ஸி. பி. ராமஸ்வாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் வெளிவந்தார். திருநெல்வேலி ஜில்லாவில் வசிப்பதென்றும், அரசியலினின்று விலகியிருப்பதென்றும் நிபந்தனை. அவர் இசைந்தார். இதனைச் சொல்லக் கூசுவோர் சிலருளர். பத்து வருஷம் வீடிழந்து, மனைவி மக்களோடு பட்டினி கிடந்த ஒருவரிடம் நாம் இன்னும் எதைக் கேட்கும் உரிமை பெற்றிருக்கின்றோம் என்பதை அவர்கள் விளக்கினால் நன்று.

கடையத்தில் அவர் அடங்கியிருந்தார். 1920-இல் நிபந்தனைகள் நீங்கின. உடனே சென்னைக்குத் திரும்பிச் சுதேசமித்திரனில் மீண்டும் எழுத அமர்ந்தார். 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் அவர் மறைந்தபோது வயது முப்பத்தொன்பது நிரம்பவில்லை. சுடுகாடு வரை உடன் சென்றோர் இருபது பேருக்கும் குறைவு.