வாடகை வீடு, சொந்த வீடு: அனைரின் பெவன்

பிரிட்டனில் ஏழை, பணக்காரர் எல்லோருக்கும் இலவச மருத்துவம் கொண்டுவந்த அமைச்சர் என்று அனைரின் பெவனைப் பலர் அறிவார்கள். அதே காலத்தில் வீட்டு வசதியும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. தொகுப்பு வீடு, மனைப் பட்டா என்று அலுவலகப் படி ஏறி இறங்கும் நம் வாசகர்களுக்கு அந்தப் பாதி வாழ்க்கைதான் அதிகம் பயன்படும். அதனால் இந்த வாரம் அவரைப் பற்றி எழுதுகிறோம்.

வேல்ஸ் நாட்டின் டிரெடிகர் என்ற சுரங்க ஊரில் 1897 நவம்பர் 15 அன்று பெவன் பிறந்தார். அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. அம்மா தையல் வேலை தெரிந்தவர். பத்துப் பிள்ளைகளில் இவர் ஒருவர். பேச்சு திக்கும். பள்ளிப் படிப்பு 13 வயதோடு நின்றது; பிறகு சுரங்கம்தான். வேலை முடிந்ததும் ஊரில் தொழிலாளர்கள் நடத்திய நூலகத்துக்குப் போய்ப் படித்தார். திக்குவாயோடு மேடை ஏறி, பேசிப் பேசியே அதை அடக்கினார். பின்னாளில் நாடாளுமன்றத்தில் அவர் எழுந்தால் எதிர்க்கட்சியும் உட்கார்ந்து கேட்டது.

1919-ல் உதவித்தொகை பெற்று லண்டனில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு ஊர் திரும்பியபோது, சங்கத்துக்காரர் என்று சுரங்கத்தில் வேலை தர மறுத்தார்கள். சில ஆண்டுகள் வேலையில்லாமல் அலைந்தார். நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்டு அப்பா 1925-ல் இறந்தார்.

1922-ல் டிரெடிகர் நகர்மன்ற உறுப்பினர். 1929-ல் எப்பு வேல் தொகுதியின் தொழிற்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர். சாகும்வரை அதே தொகுதிதான்.

அந்தக் காலத்தில் பிரிட்டனின் பல சுரங்க ஊர்களில் குடியிருக்கும் வீடும் கம்பெனிக்குச் சொந்தமாக இருந்தது. வேலை போனால் வீடும் போகும். வேலைநிறுத்தம் செய்தால் சட்டி பானையைத் தெருவில் வைப்பார்கள். பண்ணையாரின் மனைக்கட்டில் குடியிருந்த குடும்பங்களுக்கு இதை நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1945-ல் போர் முடிந்து தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. பெவன் சுகாதார அமைச்சரானார். அன்று வீடு கட்டுவதும் அந்தத் துறையின் வேலை. குண்டு வீச்சில் லட்சக்கணக்கான வீடுகள் அழிந்தும் சிதைந்தும் கிடந்தன. மரம் இல்லை, செங்கல் இல்லை, கொத்தனார் இல்லை. இருப்பதை யாருக்குக் கொடுப்பது? தனியார் கட்டி விற்பதற்கு அல்ல, உள்ளாட்சி மன்றங்கள் கட்டி வாடகைக்கு விடுவதற்கே முதலிடம் என்று முடிவு செய்தார். ஐந்து வீடுகளில் நான்கு உள்ளாட்சியுடையவை என்பது அவர் வகுத்த கணக்கு.

ஏழைக்குக் கட்டுகிற வீடுதானே என்று அளவைக் குறைக்கவும் அவர் சம்மதிக்கவில்லை. மூன்று படுக்கையறை வீட்டுக்கு முன்பு இருந்த 750 சதுர அடியை 900 ஆக்கினார். மாடியில் ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கழிப்பறை வேண்டும் என்றார். சின்னதாகக் கட்டினால் கூடுதலாகக் கட்டலாமே என்று சொந்தக் கட்சிக்காரர்களே முணுமுணுத்தார்கள். ஒரே அறையில் சமையலும் படுக்கையும் என்று தொகுப்பு வீட்டில் வாழ்ந்து பார்த்தவர்கள், பெவன் பக்கம்தான் நிற்பார்கள்.

இதைவிடப் பெரிய காரியம் 1949-ன் வீட்டு வசதிச் சட்டம். அதுவரை உள்ளாட்சி வீடுகள் தொழிலாளி வர்க்கத்துக்கு மட்டுமே என்று சட்டத்தில் எழுதியிருந்தது. அந்தச் சொல்லை அவர் நீக்கினார். மருத்துவர், மளிகைக்காரர், கறிக்கடைக்காரர், பண்ணைக் கூலி எல்லோரும் ஒரே தெருவில் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். வசதியானவர்களுக்கு ஓரிடம், கூலிக்காரர்களுக்கு வேறிடம் என்று ஊரைப் பிரிப்பதை அவர் வெறுத்தார். ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், நடுவில் ஒரு வாய்க்கால் என்று இன்றும் மனை அளக்கிற நம் மாவட்டங்களில், பெவனின் இந்த ஒரு வரித் திருத்தத்துக்கு இருக்கும் பொருள் பெரிது.

தேவை முழுவதையும் அவரால் நிறைவேற்ற முடியவில்லை. 1946-ல் வீடில்லாத குடும்பங்கள் காலியான ராணுவ முகாம்களுக்குள் புகுந்து குடியேறின. காத்திருப்போர் பட்டியல் நீண்டபடியே இருந்தது. அந்தப் பட்டியல் இருக்கும்போது கட்டிய வீட்டை விற்க அவருடைய அரசு இடம் தரவில்லை. 1951 ஏப்ரலில், பல்லுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் விதித்ததை எதிர்த்து அவர் பதவி விலகினார். அந்த ஆண்டே ஆட்சியும் போனது. அடுத்து வந்த கன்சர்வேடிவ் அரசு 1952-ல், விரும்பும் உள்ளாட்சிகள் வீட்டைக் குடியிருப்போருக்கு விற்கலாம் என்று அனுமதித்தது. விற்பனை பெரிதாக நடக்கவில்லை. பெவன் 1960 ஜூலை 6 அன்று இறந்தார்.

அவர் இறந்து 20 ஆண்டு கழித்து மார்கரெட் தாட்சர் அரசு 1980-ல் புதிய சட்டம் கொண்டுவந்தது. மூன்று ஆண்டு குடியிருந்தவர், உள்ளாட்சி விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், தன் வீட்டை வாங்கலாம். சந்தை விலையில் 33 சதவீதம் தள்ளுபடி. குடியிருந்த ஆண்டு கூடக் கூட 50 சதவீதம் வரை. ஐந்து ஆண்டுக்குள் விற்றால் தள்ளுபடியில் ஒரு பங்கைத் திருப்பிக் கட்ட வேண்டும். அதற்குப் பிறகு யாருக்கும் விற்கலாம். இங்கிலாந்தில் மட்டும் ஏறக்குறைய 20 லட்சம் வீடுகள் இப்படிக் கைமாறின.

வாங்கியவர்களை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆயுள் முழுக்க வாடகை கட்டிய தொழிலாளி, பத்திரம் தன் பெயருக்கு வந்தபோது நிமிர்ந்து நின்றிருப்பார். கதவுக்கு என்ன நிறம் அடிப்பது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. பிள்ளைக்கு விட்டுச்செல்ல ஒன்று இருக்கிறது. பத்திரம் இல்லாமல் மூன்று தலைமுறை ஒரே இடத்தில் வாழ்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கோளாறு வேறிடத்தில் இருந்தது. விற்று வந்த பணத்தில் பெரும்பகுதியைப் புது வீடு கட்டச் செலவிட உள்ளாட்சிகளை அரசு விடவில்லை. நல்ல வீடுகள் முதலில் போயின. கிணறு இறைத்தது இறைத்தபடி இருக்க, ஊற்றை அடைத்துவிட்டார்கள். விற்ற வீடுகளில் கணிசமானவை பிறகு தனியார் கைக்குப் போய், கூடுதல் வாடகைக்கு விடப்பட்டன. வரிசையில் அடுத்து நின்ற கூலிக்காரர் அந்தக் கூடுதல் வாடகையைக் கட்டிக் குடியிருக்கிறார்.

இங்கே பஞ்சமி நிலத்தை நினைக்காமல் இருக்க முடியாது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கையில் தொடங்கிய அந்த நிலத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. முதல் பத்து ஆண்டு யாருக்கும் கைமாற்றக் கூடாது; அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். காகிதத்தில் இந்தக் காவல் பிரிட்டனின் 1980 சட்டத்தைவிட வலுவானது. ஆனாலும் அந்த நிலத்தில் எவ்வளவோ பிறர் கைக்குப் போய்விட்டது. ஆகவே பட்டா கேட்டு மனு எழுதும் இளைஞர்கள், அடுத்துத் திருமணமாகிற பிள்ளைகளுக்கு மனை எங்கே என்பதையும் அதே மனுவில் கேளுங்கள். பட்டாவின் நிபந்தனைகளை ஒருவருக்கு இரண்டு முறை படித்துக் காட்டுங்கள்.

ஸ்காட்லாந்து இந்த விற்பனைத் திட்டத்தை 2016-ல் நிறுத்தியது. பெவன் பிறந்த வேல்ஸில் 2018-ல் சட்டம் இயற்றி, 2019 ஜனவரி 26 முதல் நிறுத்தினார்கள். ஏற்கெனவே வாங்கியவர்களின் வீடுகளை அந்தச் சட்டம் தொடவில்லை. இங்கிலாந்தில் திட்டம் தொடர்கிறது.