மூளையை வரைந்த மருத்துவர்

ஸ்பெயின் நாட்டின் சிற்றூர் ஒன்றில் 1852ஆம் ஆண்டு பிறந்தவர் சாந்தியாகோ ரமோன் இ கஹால். ஓவியராக வேண்டும் என்பது அவரது இளமைக் கனவு. மருத்துவரான தந்தையோ அவரை மருத்துவம் பயில வைத்தார். ஆயினும், அவர் கை ஓவியத்தை மறக்கவில்லை.

நரம்பு மண்டலம் இடையறாது பின்னிய ஒரே வலை என்றே அக்கால அறிஞர் பலர் கருதினர். இத்தாலிய அறிஞர் கமில்லோ கோல்கி கண்டறிந்த வெள்ளி நைட்ரேட் சாயமுறையை 1887இல் கஹால் அறிந்தார். அம்முறையில் சில செல்கள் மட்டுமே கருமை பெற்று, கிளைவிரித்த மரங்கள்போல் தனித்துத் தெரியும். கஹால் அதனை மேம்படுத்தி, நுண்ணோக்கியில் கண்டவற்றைத் தம் கையாலேயே வரைந்தார். நரம்புச் செல்கள் அருகருகே அமையுமே அன்றி, ஒன்றோடொன்று கலப்பதில்லை என உணர்ந்தார். பெருமூளைப் புறணியின் அடுக்குகளையும் அவ்வாறே ஆராய்ந்தார்.

தம் பணத்தைச் செலவிட்டு, 1888இல் இதழ் ஒன்றைத் தொடங்கி ஆய்வுகளை வெளியிட்டார். ஸ்பானிய மொழியில் இருந்தமையால் அவற்றைப் படித்தோர் சிலரே. மனம் தளராத கஹால், 1889இல் பெர்லினில் நடைபெற்ற உடற்கூற்றியலாளர் மாநாட்டிற்குத் தம் கண்ணாடித் தகடுகளுடன் சென்றார். நுண்ணோக்கியில் அவற்றைக் கண்ட மூத்த அறிஞர் கோல்லிக்கர் வியந்து, அவர் கருத்தை ஏற்றார்.

1906இல் நோபல் பரிசு கோல்கிக்கும் கஹாலுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அப்போதும் கோல்கி தம் உரையில் வலைக் கொள்கையையே வலியுறுத்தினார். கஹால் 1934இல் மறைந்தார். செல்களுக்கு இடையேயுள்ள நுண்ணிய இடைவெளியை 1950களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியது. கஹால் கண்டது உண்மை என உலகம் தெளிந்தது.