மண்ணின் பசியறிந்த அறிஞர்

பிரிக்ஃபீல்ட்ஸ் உணவகங்களில் மக்கள் விரும்பி உண்ணும் சப்பாத்தியும் பூரியும் கோதுமை மாவால் ஆனவை. அக்கோதுமை மலேசியாவில் விளைவதன்று. வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வந்து இறங்குவது. கோதுமைப் பயிரையும் அது வேரூன்றும் மண்ணையும் ஆராய்ந்து புகழ்பெற்றவர் சர் ஆல்பர்ட் ஹோவர்ட்.

அவர் 1873ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். 1905இல் இந்தியாவின் பீகாரில் உள்ள பூசா வேளாண் ஆய்வு நிலையத்தில் தாவரவியலாளராகப் பணியேற்றார். அவருடைய மனைவி கேப்ரியலும் தாவரவியல் அறிஞரே. இருவரும் இணைந்து பூசா 4, பூசா 12 முதலிய புதிய கோதுமை வகைகளை உருவாக்கினர்.

ஆயினும், நல்ல விதை மட்டும் போதாது என்பதை ஹோவர்ட் விரைவில் உணர்ந்தார். வறண்ட பகுதிகளில் வாய்க்கால் நீரை அளவின்றிப் பாய்ச்சியதால் நிலத்தடி நீர் மேலேறியது. வெயிலில் அந்நீர் ஆவியானதும், அதில் கரைந்திருந்த உப்பு வெண்மையாகப் படிந்தது. விளைநிலங்கள் களர்நிலங்களாயின. நீர் தேங்கிய மண்ணில் வேர்கள் மூச்சுவிட இயலாமல் தவித்தன. குவெட்டாவில் அவர் கோதுமைக்கு நீரைக் குறைத்துப் பாய்ச்சி ஆய்வு செய்தார். விதைப்பதற்கு முன் ஒருமுறை நன்றாக நீர் பாய்ச்சி, மேல்மண் இறுகாமல் கிளறிவிட்டாலே நல்ல விளைச்சல் கிட்டும் என்று கண்டறிந்தார்.

மெலிந்த மண்ணுக்கு வலுவூட்டுவது எப்படி? உழவர்களின் பட்டறிவை மதித்த ஹோவர்ட், அவர்களிடமே பாடம் கற்றார். 1924 முதல் இந்தூரில் பணியாற்றியபோது பயிர்க்கழிவு, சாணம், மாட்டுக்கோமியம் ஊறிய மண், மரச்சாம்பல் ஆகியவற்றைக் குழியில் அடுக்கி, நீர் தெளித்து, அவ்வப்போது புரட்டிவிட்டார். கடினமான பருத்திச் செடித் தண்டுகளைச் சாலையில் பரப்பி, மாட்டு வண்டிச் சக்கரங்களால் நசுக்கச் செய்தார். ஏறத்தாழ 3 மாதங்களில் எல்லாம் மட்கி நல்ல உரமாயின. இதுவே இந்தூர் முறை எனப் பெயர்பெற்றது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் இம்முறை பின்பற்றப்பட்டது.

1930இல் கேப்ரியல் காலமானார். மறு ஆண்டு ஹோவர்ட் தாயகம் திரும்பினார். இரசாயன உரத்தை மட்டுமே நம்பியவர்கள் அவருடைய கருத்தை ஏற்கவில்லை. எனினும், 1947இல் மறையும் வரை அவர் தம் கொள்கையில் உறுதியாக நின்றார்.

இன்று கிள்ளான் வீட்டுத் தோட்டங்களில் காய்கறித் தோலும் காய்ந்த இலையும் மட்கி உரமாகும்போதும் அதே உண்மை விளங்குகிறது. மண்ணிலிருந்து பெற்றதை மண்ணுக்கே திருப்பித் தந்தால்தான் அது மீண்டும் விளையும்.