கோரி டென் பூம் நீட்டிய கை

மலருக்கு ஏதாவது எழுது என்று நண்பர்கள் கேட்டபோது ஹாஸ்டல் கலாட்டாக்களை எழுதலாமென்றுதான் முதலில் நினைத்தேன். அதை எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நான் ஒரு வாட்ச் ரிப்பேர் செய்த அம்மையாரைப் பற்றி எழுதுகிறேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நெதர்லாந்தில் ஹார்லெம் என்றொரு ஊர். அங்கே தாத்தா 1837-ல் ஆரம்பித்த கடிகாரக் கடையில் வளர்ந்தவர் கோரி டென் பூம். பிறந்தது 1892-ல். அப்பா காஸ்பரிடம் தொழில் கற்று, 1922-ல் அந்த நாட்டிலேயே லைசென்ஸ் பெற்ற முதல் பெண் வாட்ச்மேக்கர் ஆனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் தினமும் பைபிள் வாசிப்பு, ஜெபம், நடுவில் கடை. ஐம்பது வயது வரை இப்படியே போனது.

1940 மே மாதம் ஹிட்லரின் படை உள்ளே வந்தது. யூதர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1942 முதல் கோரியின் வீடு அவர்களுக்கு மறைவிடமானது. அவருடைய படுக்கையறையில் ஒரு பொய்ச்சுவர். தட்டினால் வெற்றுச் சத்தம் வரக்கூடாதென்று பலகைக்குப் பதில் செங்கல் வைத்தே கட்டியிருக்கிறார்கள் (சிவில் நண்பர்கள் கவனிக்க!). பின்னால் சுமார் இரண்டரை அடி அகலம். துணி அலமாரியின் அடித்தட்டு வழியாகத் தவழ்ந்துதான் உள்ளே போகணும்.

1944 பிப்ரவரி 28 அன்று, உதவி கேட்பதுபோல் வந்த ஒரு டச்சுக்காரன் காட்டிக்கொடுத்தான். சுவருக்குப் பின்னால் இருந்த ஆறு பேர் அகப்படவில்லை. குடும்பம் அகப்பட்டது. 84 வயது அப்பா பத்தே நாளில் சிறையில் இறந்தார்.

வுக்ட் முகாமில் இருந்தபோது கோரிக்கு அந்த ஆளின் பெயர் தெரியவந்தது. ஆத்திரத்தில் தூக்கம் போச்சு. கூடவே இருந்த அக்கா பெட்சியோ அவனுக்காக ஜெபம் செய்துகொண்டிருந்தார். இப்படிச் செய்துவிட்டு அவன் மனசு என்ன பாடுபடுமோ என்று பரிதாபப்பட்டார். கோரிக்கு அதைத் தாங்கவே முடியவில்லை. அன்றிரவு முனகிக்கொண்டே அவனுக்காக ஜெபித்தபிறகுதான் தூங்கினாராம்.

பிறகு ரேவன்ஸ்ப்ரூக் முகாம். அங்கே 1944 டிசம்பரில் பெட்சி இறந்தார். சில நாளில் கோரி விடுதலையானார். அது குமாஸ்தா வேலையில் நேர்ந்த ஒரு பிழை என்று பின்னால் தெரிந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது 1947. மியூனிக் நகரில் ஒரு ஆலயத்தில் மன்னிப்பைப் பற்றிப் பேசி முடித்தார். ஒரு ஆள் எழுந்து வந்து கை நீட்டினார். ரேவன்ஸ்ப்ரூக்கில் காவல் நின்றவர். கோரிக்கு அடையாளம் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. தன்னையும் மன்னிக்க முடியுமா என்று கேட்டார். மேடையில் அவ்வளவு பேசிய கோரிக்குக் கை எழும்பவில்லை. எனக்கு அன்பு இல்லை, கையை மட்டும் தூக்குகிறேன், மீதியை நீர் தாரும் என்ற பொருளில் உள்ளுக்குள் ஜெபித்து, மரக்கட்டை மாதிரி கையை நீட்டினார். தொட்ட பிறகுதான் இரக்கம் வந்தது என்று பின்னாளில் எழுதியிருக்கிறார்.

இதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. பல வருஷம் கழித்து நண்பர்கள் சிலர் செய்த துரோகத்தை மறக்கமுடியாமல் தவித்திருக்கிறார். ஒரு போதகர் கோயில் மணியைக் காட்டி விளக்கினாராம்: கயிற்றை விட்டாலும் மணி கொஞ்ச நேரம் அடிக்கத்தான் செய்யும். நமக்குத் தெரிந்த டேம்பிங்தான். அந்த நாலாவது செமஸ்டர் பேப்பரை இவர் சொல்லிக்கொடுத்திருந்தால் நான் அரியர் வைத்திருக்கமாட்டேன்!

கோரி 1983-ல், தம் 91-ஆவது பிறந்தநாளன்றே காலமானார்.

இப்போது காரணம். இறுதியாண்டு ப்ராஜெக்டில் என் டிசைனைத் தன்னுடையது என்று காட்டிக்கொண்ட ஒருவன் இருக்கிறான். முகாமின் கொடுமையோடு இதை ஒப்பிடவே கூடாது, தெரியும். ஆனாலும் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிற நான், பரமண்டல ஜெபத்தில் மன்னிக்கிற இடம் வந்தால் வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுவேன். வருகைப் பட்டியலில் அவன் பெயரைப் பார்த்த நாள் முதல் அவனுக்காக ஜெபிக்கிறேன். முதலில் வாய்தான் அசைந்தது. நேற்றுத்தான் அவன் பையனுக்கு ஆஸ்துமா என்று யாரோ எப்போதோ சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. இப்போது எப்படி இருக்கிறானோ.

இந்த மலர் அவன் கைக்கும் போகும். இரவு விருந்தில் எங்கள் டிபார்ட்மென்டுக்கு ஒரே மேஜைதான்.