காருக்குத் தண்ணீர் தேடிய அம்மா

குழந்தைகளே! கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் போகும் நெடுஞ்சாலை மெல்ல மெல்ல மேட்டில் ஏறும். கிருஷ்ணகிரியைவிட ஓசூர் 300 மீட்டருக்கும் மேல் உயரத்தில் இருக்கிறது. நடுவில் இருப்பது எங்கள் சூளகிரி. வெயில் காலத்தில் தக்காளியும் கொத்தமல்லிக் கட்டும் ஏற்றிய பழைய வேன் ஒன்றாவது பானட்டைத் திறந்துகொண்டு சாலையோரம் நிற்கும். உள்ளிருந்து ஆவி புஸ்ஸென்று கிளம்பும். டிரைவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் தேடிப் போவார்.

இப்படிக் காருக்காகத் தண்ணீர் தேடி அலைந்தவர்களில் முதல் ஆள் யார் தெரியுமா? ஒரு பெண்மணி! பெயர் பெர்த்தா பென்ஸ்.

ஜெர்மனியில் போர்ட்ஸ்ஹைம் என்ற ஊரில் 1849 மே 3ஆம் தேதி பிறந்தவர் பெர்த்தா. அப்பா வசதியானவர். பெர்த்தா மணக்க விரும்பிய கார்ல் பென்ஸோ கையில் காசில்லாத இன்ஜினியர். அவருடைய பட்டறை கூட்டாளியால் தள்ளாடியது. பெர்த்தா தன் சீதனப் பணத்தில் ஒரு பகுதியைக் கல்யாணத்துக்கு முன்பே வாங்கி, அந்தக் கூட்டாளியின் பங்கைத் தீர்த்துவிட்டார். 1872இல் திருமணம் நடந்தது. அதன்பின் பல வருடம் கஷ்டம்தான்.

1886 ஜனவரி 29இல் குதிரை இல்லாமல் ஓடும் மூன்று சக்கர வண்டிக்குக் கார்ல் காப்புரிமை கேட்டு மனுச் செய்தார். வண்டி வந்துவிட்டது, வாங்கத்தான் ஆளில்லை! ஊருக்குள்ளே கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டுவதோடு சரி. தொலைதூரம் போகும் என்று யாரும் நம்பவில்லை. கார்லுக்கும் அவ்வளவு துணிச்சல் இல்லை. போட்ட பணமெல்லாம் முழுகிவிடுமோ என்ற நிலை.

1888 ஆகஸ்ட் மாதம். ஒருநாள் விடியற்காலை, கணவரிடம் சொல்லாமல், பெர்த்தா வண்டியை வெளியே தள்ளினார். கூடவே இரண்டு பிள்ளைகள். பெரியவன் ஆய்கனுக்கு 15 வயது. சின்னவன் ரிச்சர்டுக்கு 13. மான்ஹைம் நகரிலிருந்து அம்மா வீடு இருக்கும் போர்ட்ஸ்ஹைம் வரை பயணம். சுமார் 105 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியில் கிளம்பி, சூளகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூரையும் தாண்டிப் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதுவும் குதிரை வண்டி போகும் மண் சாலையில்!

தண்ணீர்தான் பெரும் பாடு. எஞ்சினுக்குள் பெட்ரோல் எரியும்போது வரும் சூட்டில் பெரும்பகுதி வண்டியை ஓட்டப் பயன்படுவதில்லை. அதை வெளியேற்றாவிட்டால் உலோகம் விரிந்து பிஸ்டன் இறுகிவிடும். அந்த வண்டியில் இன்றைய ரேடியேட்டர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றி நின்ற தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போகும். போகும்போது சூட்டையும் கொண்டுபோகும். நம் வீட்டு அடுப்பில் வைத்த பாத்திரம் போலத்தான். ஆகவே தண்ணீர் குறைந்துகொண்டே வரும். சத்திரம், ஓடை என்று கண்ட இடத்திலெல்லாம் நிறுத்தி ஊற்றிக்கொண்டே போனார்கள்.

இன்றைய கார் அப்படியில்லை. கூலன்ட் என்ற நிறமேற்றிய திரவம் மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றி வரும். குறையக் கூடாது. குறைந்தால் எங்கோ போகிறது என்று அர்த்தம். போன வருடம் எங்கள் வீட்டுக் காரில் இதுதான் நடந்தது. மூன்று நாளுக்கு ஒருமுறை டப்பாவில் அளவு இறங்கும். தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. நானும் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டிக்கொண்டிருந்தேன். வாத்தியாருக்கே இவ்வளவுதான் புத்தி!

மெக்கானிக் தம்பி வந்தார். முதலில் எஞ்சின் நன்றாக ஆறும்வரை காத்திருந்தார். (சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை நீங்கள் யாரும் தொடவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.) எஞ்சின் ஆயிலைப் பார்த்தார். அது பால் கலந்த காபி போல் இருந்தால் தண்ணீர் எஞ்சினுக்குள் கசிகிறது என்று பொருளாம். நல்லவேளை, அப்படி இல்லை. பிறகு சைக்கிள் பம்ப் போன்ற ஒன்றை ரேடியேட்டர் வாயில் பொருத்திக் காற்றடித்தார். அதிலிருந்த முள் ஏறி நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஆக, கசிவு உண்டு! டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தார். ஒரு ரப்பர் குழாயின் கிளிப் ஓரத்தில் உப்புப் பூத்தாற்போல் வெள்ளைப் படிவம். அதன் மேல் ஒரு சொட்டு மெல்ல எட்டிப் பார்த்தது. ஓடும்போது அந்தச் சொட்டு சூடான எஞ்சின் மேல் விழுந்து அங்கேயே காய்ந்துவிடும். தரைக்கு எப்படி வரும்?

சரி, பெர்த்தாவிடம் போவோம். வீஸ்லோக் என்ற ஊரில் எரிபொருள் தீர்ந்துவிட்டது. அப்போது பெட்ரோல் பங்க் ஏது? மருந்துக் கடைக்குள் நுழைந்து, கறை நீக்க விற்கும் லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்தியிருந்த ஊசியை எடுத்துக் குத்திவிட்டார். மின்கம்பி ஒன்று உரசித் தேய்ந்தது. காலுறையைக் கட்டும் பட்டையை எடுத்துச் சுற்றினார். சங்கிலியைக் கொல்லர் சரிசெய்தார். பிரேக் கட்டை தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் போய்த் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். மேடு வந்தால்? இறங்கித் தள்ள வேண்டியதுதான். எஞ்சினின் பலம் மூன்று குதிரைத்திறன்கூட இல்லையே!

பொழுது சாயும் நேரத்தில் போர்ட்ஸ்ஹைம் வந்தது. கார்லுக்குத் தந்தி பறந்தது. சில நாள் கழித்து வண்டியிலேயே திரும்பினார்கள்.

வழியில் என்னென்ன கோளாறு வந்தது என்பதைப் பெர்த்தா கணவரிடம் ஒன்று விடாமல் சொன்னார். மேடு ஏற இன்னொரு கியர் சேர்க்கப்பட்டது. அந்த வருடமே மியூனிக் பொருட்காட்சியில் பென்ஸ் வண்டிக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. பிறகு வண்டிகள் விற்கத் தொடங்கின.

1929இல் கார்ல் காலமானார். பெர்த்தா லாடன்பர்க் ஊரில் வாழ்ந்து, 95ஆவது பிறந்தநாள் முடிந்த இரண்டாம் நாள், 1944 மே 5இல் காலமானார். அவர் போன வழிக்கு 2008இல் அவர் பெயரையே சூட்டி, சாலையோரம் அடையாளப் பலகைகள் வைத்திருக்கிறார்கள். அந்த வீஸ்லோக் மருந்துக் கடையை உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.