அபினியை எதிர்த்த பினாங்கு வைத்தியர்

நியாலாஸ் வட்டாரத்தில் கடை வைத்திருக்கும் நம்மிடம், தோட்டத்து வேலை முடிந்து இடுப்பு வலி, மூட்டு வலியோடு வருகிறவர்கள் முதலில் கேட்பது வலி மாத்திரைதான். அதை எடுத்துக் கொடுக்கும் கை நம்முடையது. ஆகையால் டாக்டர் வூ லியன் டே அவர்களின் வாழ்க்கை வரலாற்றை நாம் அறிந்திருப்பது அவசியம்.

அவர் 1879-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் தேதி பினாங்கில் பிறந்தார். தந்தையார் சீனத்திலிருந்து வந்து நகைத் தொழில் செய்தவர். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, 1896-இல் ராணியார் உபகாரச் சம்பளம் பெற்று, கேம்பிரிட்ஜ் சென்று வைத்தியம் கற்றார். 1903-இல் ஊர் திரும்பியபோது, சர்க்கார் வைத்தியத் துறையின் உயர்ந்த பதவிகள் ஐரோப்பியருக்கே என்றிருந்தன. எனவே, நம்மவர் கடைகள் நிறைந்த பினாங்கு சூலியா தெருவில் சொந்தமாக வைத்தியம் தொடங்கினார்.

அந்நாளில் அபினி வியாபாரம் சட்டப்படியே நடந்தது. சர்க்கார் அதைக் குத்தகைக்கு விட்டது. நீரிணைக் குடியேற்றங்களின் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி அதிலிருந்தே வந்தது. உடல் நோவை மறக்கப் புகைக்கத் தொடங்கிய உழைப்பாளிகள் பலர் கூலி முழுவதையும் அதற்கே பறிகொடுத்தனர்.

காரணம் இதுதான். அபினியில் உள்ள மார்பின் என்னும் சத்து, மூளையிலும் தண்டுவடத்திலும் வலியுணர்வை அடக்குகிறது. வலியை உண்டாக்கிய நோயை அது தீர்ப்பதில்லை. நாளடைவில் பழைய அளவு போதாமற் போகும். திடீரென நிறுத்தினால் உடல் துடிக்கும். அளவு மீறினால் மூச்சே நின்றுவிடும். ஆயினும் வைத்தியர் அளந்து கொடுக்கையில், புற்றுநோயாளிக்கும் அறுவைச் சிகிச்சை பெற்றவருக்கும் இன்றளவும் அது பேருதவி செய்கிறது.

டாக்டர் வூ பினாங்கு அபினி எதிர்ப்புச் சங்கத்தின் தலைவராகி, அடிமைப்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்தார். 1906-இல் ஈப்போவில் மாநாடு கூட்டினார். ஆதாயம் குறையுமென்று அஞ்சியோர் பகைத்தனர். 1907-இல் அவருடைய மருந்தகம் சோதனையிடப்பட்டது. நோயாளிகளுக்காக வைத்திருந்த ஓர் அவுன்ஸ் அபினிச் சாராயம் அகப்பட்டது. அபினியை ஒழிக்க முனைந்தவர்மீதே அபினி வழக்கு! தீர்ப்பு அவருக்கு எதிராயிற்று, மேல்முறையீடும் தள்ளப்பட்டது.

மனம் தளராத அவர், 1908-இல் சீனத்தின் அழைப்பை ஏற்று, தியென்சின் ராணுவ வைத்தியக் கல்லூரிக்குச் சென்றார். 1910-11-இல் மஞ்சூரியாவில் சுமார் 60,000 பேரைக் கொன்ற கொள்ளை நோயை, துணி முகமூடியாலும் தனிமைப்படுத்தலாலும் அடக்கி உலகப் புகழ் பெற்றார். 1937-இல் மலாயா திரும்பி ஈப்போவில் வைத்தியம் பார்த்தார். 1960 ஜனவரி 21-இல் பினாங்கில் காலமானார்.

அவர் வாழ்வு நம் கடைக்குச் சொல்வது என்ன? பாரசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரையை, வளர்ந்தவர்கூட ஒரு நாளில் எட்டுக்கு மேல் உட்கொண்டால் ஈரல் கெடக்கூடும். சில சளி மருந்துகளிலும் அதே சரக்கு உண்டு. இரண்டையும் சேர்த்து வாங்குவோரை எச்சரிக்க வேண்டும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு ஆகாது. வயிற்றுப் புண் உள்ளவர்களும் விலக்க வேண்டும். கோடீன், டிராமடால் போன்றவை 1952-ஆம் ஆண்டு விஷச் சட்டத்தின்கீழ் வருபவை. நம் அலமாரியில் அவற்றுக்கு இடமில்லை. பதிவு எண் இல்லாத வலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு.

வலியோடு வருகிறவர் நம்மை நம்பி வருகிறார். வாரக்கணக்கில் மாத்திரை கேட்பவரிடம் இன்னொரு அட்டையை விற்பதைவிட, டாக்டரிடம் போகச் சொல்வதே நேர்மையான வியாபாரம். அதனால் வரும் சில வெள்ளி நஷ்டத்தை நாம் மகிழ்வுடன் ஏற்போமாக!