தமிழை ஒப்பிட்டுப் பார்த்த கால்டுவெல்

இந்த மாதம் அறிஞர் வரலாறு பகுதிக்கு நான் எடுத்துக்கொண்டவர் டாக்டர் ராபர்ட் கால்டுவெல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதியவர் யார் என்று ஒரு மார்க் கேள்வி வந்தால் எல்லோரும் டக்கென்று அவர் பேரை எழுதிவிடுவோம். அந்தப் புத்தகத்துக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கிறதில்லை. நான் அதிலிருந்து ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லப் போகிறேன். ஆறாவது, ஏழாவது படிக்கிற தம்பி தங்கைகள் கட்டாயம் வாசிக்கணும். ஏன்னா இது உங்களுக்கு இங்கிலீஷ் பரீட்சையில் வருகிற டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன் பற்றியது.

முதலில் அவர் கதை. கால்டுவெல் 1814 மே 7-ல் அயர்லாந்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே குடும்பம் ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ நகரத்துக்கு வந்துவிட்டது. கொஞ்ச காலம் ஓவியம் படித்திருக்கிறார். பிறகு கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே கிரேக்கம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் மொழிகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்க்கிற முறையைக் காட்டினார். கால்டுவெல்லுக்கு அது மனசில் ஒட்டிக்கொண்டது. ஒரு ஆசிரியர் வகுப்பில் சொன்னது எங்கே போய் முளைக்கும் என்று யாருக்குத் தெரியும்!

1838-ல் சமயப் பணிக்காகக் கப்பலேறி சென்னைக்கு வந்தார். அதே கப்பலில்தான் தெலுங்கு அகராதி செய்த சி.பி. பிரவுனும் வந்தார். சென்னையில் மூன்று வருஷம் தமிழ் படித்துவிட்டு, 1841-ல் நம்ம திருநெல்வேலிச் சீமைக்குக் கிளம்பினார். எதில் வந்தார் தெரியுமா? பெரும்பாலும் நடந்தே! தஞ்சாவூர், நீலகிரி, மதுரை என்று சுற்றிக்கொண்டு, வழியில் ஜனங்களையும் அவர்கள் பேச்சையும் பார்த்துக்கொண்டே இடையன்குடிக்கு வந்து சேர்ந்தார். தேரி மண்ணும் பனங்காடும்தான் அந்த ஊர். எங்க சித்தி வீடு திசையன்விளையில் இருக்கிறதால் நான் போய்ப் பார்த்திருக்கிறேன். வெயில் காலத்தில் அந்தச் சிவப்பு மண்ணில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. அங்கேயே அவர் கிட்டத்தட்ட 50 வருஷம் வாழ்ந்தார். 1844-ல் நாகர்கோவிலில் வளர்ந்த எலைசாவைக் கல்யாணம் செய்தார். அந்த அம்மா பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தி, லேஸ் பின்னவும் சொல்லிக்கொடுத்தார். (அவரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதணும், இதில் இடம் பத்தாது.)

ஒப்பிலக்கணம் வெளிவந்தது 1856-ல். அந்தக் காலத்தில் படித்தவர்களில் பல பேர் இந்திய மொழி எல்லாமே சமஸ்கிருதத்திலிருந்து வந்தது என்று நம்பினார்கள். 1816-லேயே எல்லிஸ் என்ற சென்னை கலெக்டர் அப்படி இல்லை, தென்னாட்டு மொழிகள் தனி இனம் என்று எழுதியிருந்தார். அதைப் பலர் கவனிக்கவில்லை. கால்டுவெல் ஒவ்வொன்றாக ஆதாரம் காட்டினார். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு, மலையில் பேசுகிற தோடா, கோத்தா என்று வைத்து எழுத்து, எண், வேற்றுமை, வினை எல்லாவற்றையும் ஒப்பிட்டார். 1875-ல் வந்த இரண்டாம் பதிப்பில் 12 மொழிகளைக் கணக்கில் சேர்த்தார்.

அந்த ஆதாரங்களில் ஒன்றுதான் நான் சொல்ல வந்தது. ஒன்றை ஒன்றோடு ஒப்பிடும்போது இங்கிலீஷில் வார்த்தைக்கு வால் முளைக்கும். டால், டாலர், டாலஸ்ட். சமஸ்கிருதத்திலும் இதே மாதிரி வால் உண்டு. உத்தமம் என்று சொல்கிறோமே, அதன் கடைசியில் உள்ள தம என்பது அப்படி ஒரு வால்தான். கேட்டை நட்சத்திரத்தின் சமஸ்கிருதப் பேர் ஜேஷ்டா, அதாவது மூத்தவள். அந்த இஷ்ட என்ற வாலும், டாலஸ்ட்டில் வருகிற எஸ்ட் என்ற வாலும் ஒரே குடும்பத்து வால்! எனக்கு இதைக் கேட்டதும் உடம்பே சிலிர்த்தது. தமிழில் வால் கிடையாது. அதில் இது நல்லது, அதைவிட இது நல்லது, எல்லாவற்றிலும் இது நல்லது. மூன்றிலும் நல்லது அப்படியே நிற்கிறது, பக்கத்துச் சொல்தான் மாறுகிறது. தெலுங்கு, கன்னடத்திலும் இந்த வழிதான். மற்ற மொழியிலிருந்து சொல்லைக் கடன் வாங்கலாம், ஒப்பிடுகிற முறையே வேறாக இருந்தால் பிறப்பும் வேறு என்று அவர் காட்டினார்.

சாயங்காலம் எங்க தெருவில் ஏழு பிள்ளைகளுக்கு நான் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லோரும் மோர் டாலர் என்றுதான் எழுதுவார்கள். தங்களுக்கு இங்கிலீஷே வராது என்று ஒருத்தி அழுதே விட்டாள். அவளுக்கு நான் கால்டுவெல் கதையைச் சொன்னேன். தமிழில் பெரிய என்ற சொல் மாறாது, அதனால் நம்ம மனசு பக்கத்தில் ஒரு சொல்லைப் போடப் பார்க்கிறது, அவ்வளவுதான் என்றேன். பிறகு ஒரு வழி சொன்னேன். சின்ன வார்த்தைக்கு வால், நீள வார்த்தைக்கு மோர். பியூட்டிஃபுல் மாதிரி நீளமாக இருந்தால் வால் தாங்காது, அதனால் முன்னால் மோர் ஊற்றணும். வால் முளைத்த வார்த்தைக்கு மோர் கிடையாது. நம்ம விட என்ற சொல்லுக்கு அங்கே தேன். குடிக்கிற மோரும் இல்லை, நக்குகிற தேனும் இல்லை, ஆனால் பிள்ளைகளுக்கு மறக்கவே இல்லை. குட், பெட்டர், பெஸ்ட் மட்டும் எந்த வழிக்கும் வராது, அதை மனப்பாடம்தான் செய்யணும்.

கால்டுவெல் செய்தது எல்லாமே சரி என்று நான் சொல்லமாட்டேன். 1849-ல் இந்தப் பக்கத்து மக்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் அவர்களைத் தாழ்வாக எழுதியதால் மக்கள் கொதித்துப் போய் எதிர்த்தார்கள். மொழியை அவ்வளவு பொறுமையாகப் பார்த்தவர் மனிதர்களையும் அப்படிப் பார்த்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. 1881-ல் திருநெல்வேலி வரலாற்றையும் எழுதினார். கொற்கையில் மண்ணைத் தோண்டி ஆராய்ந்தார். இடையன்குடி ஆலயத்தைக் கட்டி முடிக்க 1847 முதல் 1880 வரை 33 வருஷம் ஆனது.

1891 ஆகஸ்டு 28-ல் கொடைக்கானலில் இறந்தார். உடலை இடையன்குடிக்கே கொண்டுவந்து அவர் கட்டிய ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். 1968-ல் சென்னை மெரினாவில் சிலை வைத்தார்கள். 2010-ல் தபால்தலை வந்தது. அவர் வாழ்ந்த வீட்டை 2011-ல் அரசு நினைவில்லமாக ஆக்கியது.

ஏழாம் வகுப்புக்கு மூன்று வாக்கியம் தருகிறேன், இங்கிலீஷில் எழுதி வாருங்கள். பனை தென்னையை விட உயரம். எங்க ஆச்சிதான் வீட்டில் எல்லோரிலும் மூத்தவர். ரோஜாவை விடத் தாமரை அழகு. மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்தால் நான் திருத்தித் தருவேன்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி